பண்டாரவளையில் ஒரு டைகர் மொத்: கூரையிலிருந்து தொடங்குங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். இங்கிலாந்தில் இருக்கும் உங்கள் மாமா டி ஹாவிலண்ட் டைகர் மொத் என்ற, இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட ஒரு பழைய சிறு விமானத்தை வாங்கியிருக்கிறார். அது இறக்கைகள் கழற்றப்பட்டுக் கொள்கலனில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து லொறியில் பண்டாரவளைக்கு ஏறப் போகிறது. உங்கள் குடும்பத்துக்கு அங்கே மூடிக்கிடக்கும் ஒரு தேயிலை ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, இருக்கிறது. அதை ஹேங்கராக, விமானம் நிறுத்தும் கொட்டகையாக, மாற்றலாமா, என்னென்ன வாங்கிப் போட வேண்டும், விமானத்தை எப்படிப் பராமரிப்பது, ஒருநாள் அங்கிருந்தே பறக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

மாற்றலாம். மனநிறைவாகச் செய்யக்கூடிய வேலை. ஆனால் நீங்கள் அனுப்பிய பட்டியலில் கம்பிரஸர், ஜாக், எஞ்சின் ஸ்டாண்ட் எல்லாம் முன்னுக்கு நிற்கின்றன. கூரையும் தரையும் கடைசி இரண்டு வரிகளில் கிடக்கின்றன. அந்தப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்புங்கள். மலைநாட்டில் மரமும் துணியுமான ஒரு விமானம் பறந்து கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். நிற்கிற இடத்து ஈரம்தான் அதைத் தின்னும்.

நான் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பா ஸ்டோரில் பிட்டர், இயந்திரங்களைப் பூட்டித் திருத்துபவர். நான் விமானப் பராமரிப்பு படித்து, இரத்மலானையில் தொடங்கி, வளைகுடாவில் நீண்ட காலம் இருந்து, கடைசி எட்டு வருடம் இங்கிலாந்தில் பழைய விமானங்களைத் திருத்தும் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். அந்தப் பட்டறையில் மரத்தைப் பற்றிச் சொல்லித் தந்ததில் பாதியை அப்பா ஸ்டோரிலேயே எனக்குச் சொல்லித் தந்திருந்தார். அது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

டைகர் மொத் முதலில் பறந்தது 1931இல். உடம்பு உருக்குக் குழாய்ச் சட்டம். இறக்கைகள் ஸ்புரூஸ் மரத்தால் ஆனவை: நீளவாக்கில் இரண்டு ஸ்பார், குறுக்கே வரிசையாக ரிப்கள், மேலே இழுத்துப் போர்த்திய துணி. துணிக்கு மேல் டோப் என்ற பூச்சு. மரத்துண்டுகளை ஒட்டியிருப்பது பசை. பழைய இறக்கைகளில் பாலிலிருந்து எடுத்த கேசின் பசை இருக்கலாம். ஈரம் நீண்ட நாள் நின்றால் கேசினில் பூஞ்சணம் பிடித்துப் பசை மாவாகிவிடும். வெளியே துணி மினுமினுவென்று இருக்கும், உள்ளே ரிப் தன் பிடியை விட்டிருக்கும். ஆகவே உங்கள் இறக்கைகளில் என்ன பசை, எந்த வருடம் கடைசியாகத் துணி பிரித்துப் பார்த்தார்கள் என்பதை லொறி ஏறும் முன்பே மாமாவிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

விமான மரத்தில் 8 முதல் 12 வீதம் வரை ஈரம் இருப்பது நல்லது. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வரும். காற்றின் ஈரப்பதன் 65 வீதமாக நின்றால் மரத்தில் ஏறத்தாழ 12 வீதம் வரும். 80 வீதமானால் 16. 90 வீதத்தில் மாதக்கணக்காகக் கிடந்தால் 20 வீதத்தைத் தொடும். உக்கலைக் கொண்டுவரும் பூஞ்சணத்துக்கு அந்த 20தான் வாசல். எனவே ஹேங்கருக்குள் ஈரப்பதனை 60 வீதத்துக்குக் கீழே வைத்திருப்பதுதான் உங்கள் முதல் பராமரிப்பு வேலை. எஞ்சின் அதற்குப் பிறகுதான்.

இடத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு அதிர்ஷ்டம். இதே விமானத்தை வட்டவளையிலோ கினிகத்தேனையிலோ வைக்கப் போகிறேன் என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அந்தப் பக்கம் தென்மேல் பருவமழை மலையில் மோதிக் கொட்டும் இடம். பண்டாரவளை மலைக்கு மறுபக்கம். ஆடி, ஆவணியில் ஊவாவின் கச்சான் காற்று இலையைக் காயவைத்து அந்தப் பருவத் தேயிலைக்கு மணம் கொடுக்கிறதே, அந்தக் காற்று உங்கள் மரத்தையும் காயவைக்கும். உங்களுக்குச் சோதனை ஐப்பசியிலிருந்து தை வரைக்கும். இடி மழை, அப்புறம் வாடைக்கால மழை, மழை விட்டாலும் விலகாத மூடுபனி. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: கச்சானில் மரம் சுருங்கும், வாடையில் ஊதும். வருடத்துக்கு இரண்டு தரம் மரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்கள் எல்லாம் இளகி இறுகும். மரப் புரொபெல்லரின் போல்ட்களை அந்த இரண்டு பருவமாற்றத்திலும் டோர்க் ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டும். மணிக்கணக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நிறுத்தும்போது புரொபெல்லரைக் கிடையாக நிறுத்துங்கள். நெட்டுக்கு நிறுத்தினால் ஈரம் கீழ் இலைக்கு இறங்கி ஒரு பக்கம் பாரமாகி, ஓடும்போது எஞ்சினையே உலுப்பும்.

இனி கூரை. லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழையே இல்லாத மார்கழி இரவில் விடியற்காலை நாலு மணிக்குக் கூரைத் தகரத்திலிருந்து முகத்தில் சொட்டும். அது ஒழுக்கல்ல. தகரம் வானத்தைப் பார்த்துக் குளிர்ந்து, உள்ளேயிருக்கும் மூச்சுக்காற்றின் ஈரம் அதில் பனித்து விழுகிறது. உங்கள் ஸ்டோரின் கூரையும் அதே தகரம்தான். அந்தச் சொட்டு மேல் இறக்கைத் துணியில் இரவிரவாக விழுந்தால் டோப் வெடித்து, தண்ணீர் ஸ்பாருக்கு இறங்கும். தகரத்துக்குக் கீழே வெப்பத்தைத் தடுக்கும் படலம் ஒன்று போட்டு, அதற்கும் தகரத்துக்கும் இடையில் காற்று ஓட இடம் விட்டு, முகட்டில் வாய் வையுங்கள். அதற்குக் கீழே சீலிங். பணம் குறைவென்றால் வேறு எதையும் தள்ளிப்போடுங்கள், இதை வேண்டாம்.

தரைக்கு வருவோம். மேட்டுப்பக்கச் சுவரின் பின்னால் தண்ணீர் ஓடும் பழைய கான் இருக்கும், மண் மூடியிருக்கும். அதைத் துப்புரவாக வெட்டித் திறந்து, சுவர் அடியிலிருந்து தண்ணீர் விலகி ஓடும்படி செய்யுங்கள். மலைச்சரிவில் கட்டிய கட்டடத்துக்குள் வரும் ஈரத்தில் பெரும்பங்கு மண்ணிலிருந்தே ஏறுகிறது. பழைய சீமெந்துத் தரைக்கு மேல் தடித்த பொலித்தீன் விரித்து அதன்மேல் புதிதாகக் கொங்கிறீட் போடச் சொல்லுங்கள். மேசன் பாஸ் "இது தேவையில்லை ஐயா" என்பார். தேவை. அந்தத் தாளும் கொங்கிறீட்டும் சேர்ந்து கறையான் ஏறும் வழியையும் குறைக்கும். ஸ்புரூஸ் கறையானுக்குப் பிடித்த உணவு.

இப்போது அப்பாவின் பாடம். கொழுந்து வாட்டும் மேல்தட்டில் சுவரில் இரண்டு வெப்பமானி தொங்கும்; ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்தால் காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டது, இலை வாடாது. அப்போது அடுப்பிலிருந்து சூட்டுக் காற்றை எடுத்து வாட்டுத் தட்டுக்கு அனுப்புவார்கள். காற்றிலிருந்து ஒரு துளி தண்ணீரையும் எடுக்காமல், சூட்டைக் கூட்டுவதாலேயே அதைக் காய்ந்த காற்றாக்கும் வித்தை அது. கணக்கு இப்படி: 15 பாகை செல்சியஸில் 95 வீத ஈரப்பதனோடு இருக்கும் காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 70 வீதத்துக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். ஐந்து பாகைதான். உங்கள் ஹேங்கருக்கும் இதுவே அடிப்படை.

ஆனால் ஸ்டோர் முழுவதையும் சூடாக்க முயலாதீர்கள், கரண்ட் பில் தாங்காது. உள்ளே இன்னொரு அறை கட்டுங்கள். மரச்சட்டமும் பொலித்தீனும் போதும், பெட்டிக்குள் பெட்டி. அதற்குள் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று. இதில் கவனமாக இருங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது குளிரூட்டிபோல வேலை செய்யும் வகை. அது கொழும்பில் நன்றாக ஓடும். 15 பாகைக்குக் கீழே போனால் அதன் சுருளில் பனி படிந்து இயந்திரம் சும்மா சுற்றும். உங்களுக்கு வேண்டியது சிலிக்கா சக்கரம் வைத்த உலர்த்தி வகை. அது குளிரிலும் உறிஞ்சும், வெளியே விடும் காற்றும் இளஞ்சூடாக இருக்கும். விலை கூடத்தான். ஆனாலும் மலைக்கு அதைத்தான் வாங்க வேண்டும்.

அளவைப் பற்றி ஒரு கேள்வி: உங்கள் ஸ்டோரின் கீழ்த்தளத்தில் தூணுக்கும் தூணுக்கும் எவ்வளவு இடைவெளி? டைகர் மொத்தின் இறக்கை நீளம் நுனிக்கு நுனி 8.94 மீற்றர், உடல் 7.29, உயரம் 2.68. பழைய மொத் வகைகள் சிலவற்றில் இறக்கையைப் பின்னுக்கு மடிக்கலாம், டைகர் மொத்தில் மடியாது. பழைய ஸ்டோர்களின் கீழ்த்தளத்தில் மேல்தட்டைத் தாங்கும் தூண்கள் நெருக்கமாக நிற்கும். கொழுந்து அரைக்கும் உருளைகளை எடுத்துவிட்டால் வெற்றிடம் பெரிதாகத் தெரியும், அளந்து பார்த்தால் பூட்டிய இறக்கை நுழையாது. நுழையாவிட்டால் தூணை வெட்டலாம் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். பக்கத்தில் 12க்கு 10 மீற்றர் அளவில் தூணில்லாத ஒரு சாய்ப்பு இறக்கி விமானத்தை அங்கே வையுங்கள். பழைய கட்டடத்தைப் பட்டறையாகவும் உதிரிப்பாக அறையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

வாசலுக்கு வெளியே தரை சமமாக இருக்கட்டும். இந்த விமானத்துக்குப் பிரேக் கிடையாது, வாலில் சக்கரமும் கிடையாது, ஒரு சறுக்குக் கட்டைதான். கொங்கிறீட்டில் இழுத்தால் கட்டை தேயும், தரையும் கீறும். வாலைத் தூக்கி வைக்க ஒரு சிறு தள்ளுவண்டியும், சக்கரத்துக்கு நல்ல கனமான தடைக்கட்டைகளும் முதல் நாளே தேவை. சரிவில் ஒரு தடவை உருளத் தொடங்கினால் நாலு பேர் பிடித்தாலும் நிற்காது.

எஞ்சினுக்கு வருகிறேன். ஜிப்சி மேஜர், நாலு சிலிண்டர், 6.1 லீற்றர், 130 குதிரைவலு. சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. விமானி முன்னால் பார்க்க வசதி என்று அப்படிச் செய்தார்கள். அதனால் நிறுத்தி வைத்திருக்கும்போது எண்ணெய் பிஸ்டனைத் தாண்டி மெதுவாக எரியறைக்குள் இறங்கித் தேங்கும். எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும். வளைந்த ராட் ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், அது ஒரு அவசரக்காரரின் இருபது வினாடி. ஆகவே சுவிட்ச் இரண்டும் ஆஃப் என்று இரண்டு பேர் பார்த்து உறுதி செய்த பிறகு, புரொபெல்லரைக் கையால் மெதுவாகச் சில சுற்றுச் சுற்ற வேண்டும். எங்காவது கல்லுப்போல் நின்றால் பலம் போடாதீர்கள். பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடியவிடுங்கள். பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் மெக்னீட்டோவின் சுவிட்ச் கம்பி அறுந்திருந்தால், சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் எஞ்சின் திடீரென்று ஓடத் தொடங்கலாம் என்பதை மறக்காமல், ஒவ்வொரு முறையும் அது ஓடப்போகிறது என்று எண்ணியே கைவையுங்கள். மழை நனைத்த புல்லில் நின்று புரொபெல்லர் சுற்றவே கூடாது.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் எஞ்சின் நன்றாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மலையில் அது கேடு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. அதில் ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்க்குள் போகும். எண்ணெய் நன்றாகச் சூடேறி நீண்ட நேரம் ஓடினால்தான் அந்த ஈரம் வெளியேறும். தரையில் பத்து நிமிடம் ஓட்டினால் ஈரத்தை உள்ளே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவது போலத்தான். பறக்காத மாதங்களில் எஞ்சினை ஓட்டாமல் பாதுகாப்பு எண்ணெய் போட்டு, பிளக் துளைகளில் சிலிக்கா ஜெல் அடைப்பான்களைப் பூட்டி, புகைவாயையும் காற்றுவாயையும் மூடிவையுங்கள். நீல நிறச் சிலிக்கா இளஞ்சிவப்பானால் மாற்றும் நேரம். கிழமைக்கு ஒருநாள் அந்த நிறத்தைப் பார்ப்பதை வீட்டில் ஒருவருக்குப் பொறுப்பாகக் கொடுங்கள்.

பெற்றோல் தொட்டி மேல் இறக்கையின் நடுவில் இருக்கிறது, ஏறத்தாழ 86 லீற்றர் பிடிக்கும். பம்ப் இல்லை, தானாக இறங்கும். மூடுபனிக் காலத்தில் பாதி நிறைந்த தொட்டிக்குள் தண்ணீர் பனிக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒரு விடயம், தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். விமானிக்குக் கீழே உடம்பைக் குறுக்காகக் கட்டியிருக்கும் உருக்குக் கம்பிகள் உண்டு, டை ராட் என்பார்கள். இரண்டு பக்க இறக்கையின் இழுவையும் அதில்தான் சேர்கிறது. அதன் ஆயுள் 2000 பறப்பு மணி அல்லது 18 வருடம், எது முதலில் வருகிறதோ அது. 2013 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையோரம் ஒரு டைகர் மொத்தின் இறக்கை வானத்திலேயே விட்டுப்போய் இரண்டு பேர் இறந்தார்கள். உலோகக் களைப்பால் அந்தக் கம்பிகள் முறிந்திருந்தன. உங்கள் மாமாவின் விமானம் அருங்காட்சியகப் பொருள்போல அதிகம் பறக்காமல் இருந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் மணி குறைவாக இருக்கும், வருடம் தாண்டியிருக்கும். புதுக் கம்பியை யாரிடம் வாங்குவது, அந்தப் பகுதி எண் அனுமதிக்கப்பட்டதா என்பதையெல்லாம் இந்த விமான வகைக்குப் பொறுப்பாக இருக்கும் இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் சப்போர்ட் நிறுவனத்திடம் கேட்டே செய்யுங்கள்.

துணி வேலை எப்போதாவது வரும். இப்போது பெரும்பாலும் லினனுக்குப் பதில் பொலியெஸ்டர் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டிபோன்ற சூட்டுப் பெட்டியால் தேய்த்துச் சுருக்கி இறுக்குகிறார்கள். டோப் அடிப்பதை மட்டும் கச்சான் மாதங்களுக்கு ஒதுக்குங்கள். ஈரக்காற்றில் அடித்தால் பூச்சு காயும்போது குளிர்ந்து, தண்ணீர் உள்ளே மாட்டி, வெண்மையாகப் பூத்துவிடும். பிறகு சுரண்டி மறுபடி அடிக்க வேண்டியதுதான். டோப்பும் தின்னரும் பயங்கரமாகத் தீப்பிடிக்கும். அவற்றுக்கு விமானத்திலிருந்து தள்ளி ஒரு தனிச் சிறு அறை. தீயணைப்புக்கு விமானத்தின் பக்கத்தில் கார்பனீரொட்சைட்டு வகையை வையுங்கள். தூள் வகை நெருப்பை அணைக்கும், பிறகு அந்தத் தூளே உலோகத்தை அரிக்கும்.

இறக்கையின் பின்விளிம்பில் கீழ்ப்பக்கம் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் பாருங்கள். மண்குளவி இரண்டே நாளில் அடைத்துவிடும். வேகம் காட்டும் முள்ளுக்குப் போகும் காற்றழுத்தக் குழாயையும் தொட்டியின் மூச்சுத்துளையையும் கூட அது விடாது, ஆகவே எல்லாவற்றுக்கும் சிவப்புத் துணி தொங்கும் மூடிகள் வேண்டும். எலிக்கு இறக்கையின் உட்புறம் நல்ல வீடு. அதன் மூத்திரம் அலுமினியத்தை ஓட்டையாக்கும். கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளிகூட விடாதீர்கள்.

கருவிகளில் ஒரு நல்ல செய்தி. இந்த விமானத்தில் இருப்பவை பழைய ஆங்கிலேய மரைகள். உங்கள் மில்லிமீற்றர் ஸ்பேனர் எதுவும் சரியாகப் பொருந்தாது, பொருந்துவதுபோல் இருப்பது நட்டின் மூலையை வழித்துவிடும். விட்வர்த் ஸ்பேனர் செட் தேவை. புதிதாக இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும் முன், உங்கள் பக்கத்து ஸ்டோர்களின் ஓய்வுபெற்ற பிட்டர்மாரைப் போய்ப் பாருங்கள். பெல்பாஸ்டில் செய்த சிரோக்கோ உலர்த்திகளையும் பழைய உருளைகளையும் அவர்கள் இந்த ஸ்பேனர்களால்தான் கழற்றிப் பூட்டினார்கள். அப்பாவின் செட் இன்றும் என்னிடம் இருக்கிறது, அதில் ஜிப்சி எஞ்சினின் நட்டு அச்சாகப் பொருந்தியதை முதன்முதலில் பார்த்த அன்று நான் வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர்களில் ஒருவரை உங்கள் ஹேங்கருக்குக் கூட்டி வாருங்கள். சத்தத்தை வைத்தே பெயரிங் தேய்ந்ததைச் சொல்லும் காதுகள் அவை.

பறப்பதைப் பற்றி. மலைநாட்டில் சிவில் விமான நிலையம் இல்லை. தியத்தலாவையில் இருப்பது விமானப்படையின் தளம். சொந்த நிலத்தில் ஓடுபாதை என்றால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். விமானத்தை 4ஆர் என்று தொடங்கும் எண்ணில் பதிய வேண்டும், பறக்கத் தகுதியானது என்ற சான்று வேண்டும், பராமரிப்பை உரிமம் பெற்ற பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இதெல்லாம் முடிந்தாலும் காற்று மாறாது. பண்டாரவளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,230 மீற்றர். வெயில் ஏறி 25 பாகை வந்த ஒரு நண்பகலில் அங்கேயுள்ள காற்று 6,200 அடி, அதாவது ஏறத்தாழ 1,890 மீற்றர், உயரத்துக் காற்றைப்போல் மெலிந்திருக்கும். 130 குதிரைவலு நூற்றைந்துக்கு அருகில் இறங்கும், இறக்கையும் குறைவாகத் தூக்கும், ஓடுதூரம் ஒன்றரை மடங்குக்கு மேல் நீளும். ஓடுபாதை முடிகிற இடத்தில் பள்ளத்தாக்கு, மதியத்துக்குப் பிறகு அதற்குள் ஏறும் மூடுபனி. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ்ஜுக்குப் போய்க்கொண்டிருந்த இந்தோனேசிய யாத்திரிகர்களோடு ஒரு டிசி-8 மஸ்கெலியாப் பக்கம் சப்த கன்னி மலையில் மோதி 191 பேரும் போனார்கள். கருவிகள் நிறைந்த பெரிய ஜெட் அது. உங்கள் விமானத்தில் இருப்பவை ஒரு திசைகாட்டியும் நாலைந்து முள்ளும்.

என் தீர்ப்பு இது: பண்டாரவளையில் திருத்துங்கள், பாதுகாத்து வையுங்கள், தோட்டத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இலங்கை விமானப்படை 1951இல் தொடங்கியபோது வந்த முதல் விமானமான சிப்மங்கும் இதே ஜிப்சி குடும்ப எஞ்சினோடுதான் வந்தது, அதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். பறக்க ஆசைப்பட்டால் இரத்மலானையில் இடம் பிடித்துப் பறவுங்கள். அங்கே கடல் உப்பு இருக்கிறது, நீண்ட காலம் வெளியில் விட முடியாது. ஆனால் நீண்ட ஓடுபாதையும் தடித்த காற்றும் இருக்கின்றன.

லொறிப் பயணத்துக்கு ஒரு வார்த்தை. பெரிய கொள்கலனோடு மலை ஏறாதீர்கள். கொழும்பிலேயே இறக்கிச் சிறிய லொறிகளுக்கு மாற்றுங்கள். பலாங்கொடை, பெரகலை வழியில் வளைவுகளில் பாரம் சாயும். இறக்கைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்க வேண்டாம். முன்விளிம்பு கீழே இருக்க, பஞ்சுத் தடுப்புப் போட்ட சட்டத்தில் நெட்டுக்கு நிறுத்திக் கட்டுங்கள். மழைத்தாள் போட்டாலும் இரண்டு பக்கமும் காற்றுப் போக வழி விடுங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இரண்டு வெப்பமானி வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, ஸ்டோருக்குள் விமானம் நிற்கப்போகும் இடத்தில் தொங்கவிடுங்கள். ஐப்பசி முழுக்கக் காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் வாசித்துக் கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியின் படமும், தூண்களின் இடைவெளியும், டை ராட் மாற்றிய திகதி இருக்கும் லொக் புத்தகப் பக்கமும் வந்தால், உலர்த்தி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.